பெண்: அறியப்படவில்லை

"ஆண் இருந்தாப் பாரும்மா. பெண்ணை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் என் ஆசிரியர் இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் ஆல்கஹாலில் பதினோரு வண்டுகள் கிடந்தன. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை, செம்பழுப்பு நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுச் சருகைச் சலித்து எடுத்தவை. ஒரு வாரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்து நான் பிரித்து வைத்தவை. பதினொன்றும் பெண்கள். அவர் குப்பியை மூடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். அவர் பேச்சில் கடுமை எதுவும் இல்லை. அந்தத் துறையில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருப்பதும் அதுதான்.

அவை ரோவ் வண்டுகள். அறிவியலில் அந்தக் குடும்பத்துக்கு ஸ்டாஃபிலினிடே என்று பெயர். மற்ற வண்டுகளுக்குக் கெட்டியான முன்னிறக்கை முதுகு முழுவதையும் மூடியிருக்கும். இவற்றுக்கு அது அரைச்சட்டை போலக் குட்டையானது. வயிற்றுப் பகுதி வெளியே நீண்டு தெரியும். முதல் பார்வைக்கு எறும்பு என்றோ பூரான் குஞ்சு என்றோ தோன்றும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட ரோவ் வண்டு இனங்கள் 60,000க்கும் மேல். விலங்குலகின் மிகப் பெரிய குடும்பங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலானவை சருகிலும் மட்கிலும் சாணத்திலும் காளானிலும் வாழ்கின்றன. மலைச்சருகில் வாழும் பல இனங்களுக்குப் பறக்கும் இறக்கை கிடையாது. இறக்கை இல்லாதது ஒரு மலையிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக முடியாது. அதனால் பல மலைகளுக்கு அவற்றுக்கே உரிய இனங்கள் உண்டு. புதிய இனங்களைத் தேடுகிறவர்கள் மலைச்சருகைச் சலிக்கப் போவதும் இதனால்தான்.

அந்தக் குப்பி கீழ்த்தட்டுக்குப் போன பிறகு, ரோவ் வண்டுகளின் இன விவரிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வரி அடிக்கடி கண்ணில் பட்டது: "பெண்: அறியப்படவில்லை." ஆணின் தலை, கொம்புணர்வான், வயிற்றின் கடைசிக் கண்டம், இனப்பெருக்க உறுப்பு என்று ஒரு பக்கத்துக்கு விவரம் இருக்கும். கடைசியில் அந்த ஒற்றை வரி. அப்படியென்றால் காட்டில் பெண் வண்டு இல்லை என்று பொருளல்ல. சில சமயம் கிடைத்திருக்காது. சில சமயம் கிடைத்திருக்கும், ஆனால் எந்த ஆணின் இனம் என்று சொல்ல முடியாமல் குப்பியிலேயே விடப்பட்டிருக்கும். இந்தக் கட்டுரை அந்த வரி எப்படி வந்தது என்பதைப் பற்றியது.

ஓர் இனம் எழுதப்படும் விதம்

புதிய இனம் என்றதும் காட்டில் ஒருவர் குனிந்து ஒரு பூச்சியைப் பிடித்து "கண்டுபிடித்தேன்" என்று கூவுவது போல ஒரு சித்திரம் நம் மனதில் இருக்கிறது. நடப்பது வேறு. சருகை அள்ளித் துணிப்பையோடு சேர்த்துத் தைத்த சல்லடையில் போட்டுக் குலுக்குவார்கள். பெரிய இலைகள் மேலே நிற்கும். தூளும் பூச்சிகளும் பைக்குள் விழும். அந்தத் தூளைப் புனல் ஒன்றில் வைத்து உலரவிட்டால், ஈரம் தேடிக் கீழே இறங்கும் பூச்சிகள் ஆல்கஹால் குப்பிக்குள் விழும். இத்தாலியரான அன்டோனியோ பெர்லேசே 1905இல் இந்தப் புனலை வடிவமைத்தார். பின்னர் ஸ்வீடனின் துல்கிரென் அதற்கு மேலே ஒரு விளக்கைப் பொருத்தினார்.

காட்டு வேலை இத்தோடு முடிந்தது. இனி வருவது மேஜை வேலை, நாட்கணக்கில், மாதக்கணக்கில். தூளிலிருந்து வண்டைப் பிரிப்பது, வண்டிலிருந்து வண்டைப் பிரிப்பது, சின்ன அட்டையில் கால்களை விரித்து ஒட்டுவது, வயிற்று நுனியைத் திறந்து ஆணின் உறுப்பை மயிர் போன்ற ஊசியால் வெளியே எடுப்பது, அதைக் காரக் கரைசலில் தெளிய வைப்பது, பல கோணங்களில் வரைவது. பிறகு இதுவரை எழுதப்பட்ட எல்லா நெருங்கிய இனங்களோடும் ஒப்பிடுவது. கடைசியில் ஒரே ஒரு வண்டைத் தேர்ந்து அதற்குச் சிவப்பு லேபிள் குத்துவது. அதுதான் ஹோலோடைப், அந்தப் பெயரைச் சுமக்கும் மாதிரி. 2000ஆம் ஆண்டு முதல், ஹோலோடைப் எது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லாத புதிய இனப் பெயர் செல்லாது என்பது சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதி. ரோவ் வண்டுகளில் அந்த ஒற்றை மாதிரி பெரும்பாலும் ஆணாகவே இருக்கும்.

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். சலிப்பது, புடைப்பது, பொறுக்குவது, ஒட்டுவது, வரைவது. வீட்டில் பெண்கள் அரிசிக்கும் பருப்புக்கும் செய்து பழகிய கை அசைவுகள்தான் பாதிக்கு மேல். ஆனால் மலைக்குப் போனவர்கள் யார், பெயர் எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் கதை வேறு.

மலைக்குப் போனவர்கள்

நம் பக்கத்து ரோவ் வண்டுகளைப் பற்றிய முதல் பெரிய நூல்களில் ஒன்று பெர்லினில் எழுதப்பட்டது. 1859இல் குஸ்தாவ் கிராட்ஸ் என்ற ஜெர்மானியர் கிழக்கிந்தியாவின், குறிப்பாக இலங்கையின், ரோவ் வண்டுகளைப் பற்றி 196 பக்கங்கள் எழுதி வெளியிட்டார். அவருக்கு இலங்கை வண்டுகளை அனுப்பியவர் ஜான் நீட்னர், காபித் தோட்டக்காரர். காபிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் நூலும் எழுதியவர். அந்தக் காபித் தோட்டங்கள், காட்டை வெட்டி எரித்த சரிவுகளில் எழுந்தவை. வெட்டியவர்களும் நட்டவர்களும் பறித்தவர்களும் பெரும்பாலும் மதராஸ் மாகாணத்திலிருந்து கடல் தாண்டி, வடக்குப் பாதையில் காடு வழியே நடந்துபோன தமிழர்கள். காபிக் காலத்தில் ஆண்களே அதிகம் போய்வந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காபி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்கும் வேலை வந்ததும் பெண்கள் குடும்பத்தோடு மலையில் நிலைத்தார்கள். தோட்டத்தின் நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் விறகு பொறுக்கியவர்களும் அவர்களே. அந்தச் சருகில் அதிகம் நடந்த கால்கள் அவர்களுடையவை. வண்டின் லேபிளில் இருப்பது தோட்டக்காரர் பெயர். 1948இல் அந்த மக்களின் குடியுரிமையையே ஒரு சட்டம் பறித்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மால்கம் கேமரன். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினம்' வரிசையில் ரோவ் வண்டுகளுக்கான தொகுதிகள் அவருடையவை. முதல் மூன்றும் 1930, 1931, 1932இல் வந்தன. நான்காவது, இரண்டு பகுதிகளாக, 1939இல். இன்றும் இந்திய ரோவ் வண்டைக் கையில் எடுக்கும் யாரும் கேமரனைத் திறக்காமல் இருக்க முடியாது. அதில் ஒவ்வோர் இனத்துக்கும் கீழே ஊரும் அடைப்புக்குறிக்குள் சேகரித்தவர் பெயரும் இருக்கும். நீலகிரி என்றால் ஆண்ட்ரூஸ். குமாவுன் மலை என்றால் சாம்பியன். வன அதிகாரி, இந்தியக் காடுகளை வகைப்படுத்தியவர், அப்பாவும் வண்டு ஆய்வாளர். அதிகாரிகள், தோட்டக்காரர்கள், அவர்களின் சகோதரர்கள், மகன்கள். ஒரு பேரரசின் ஆண்களுடைய உறவுமுறைப் பட்டியலை அந்த அடைப்புக்குறிகளிலிருந்தே எழுதிவிடலாம்.

நம்மவர் பெயரே லேபிளில் ஏறவில்லையா என்றால், ஏறியிருக்கிறது. காரைக்கால் அருகே நெடுங்காட்டைச் சேர்ந்த பி. சூசைநாதன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலை, கொடைக்கானல் பக்கங்களில் பூச்சிகளைச் சேகரித்து உலகின் பல அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். 'நாதனி' என்று முடியும் பூச்சிப் பெயர்கள் அவரை நினைத்து வைத்தவை. ஒரு தமிழர் தன் உழைப்பால் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தனியாகக் காட்டுக்குள் போய், மலைப் பங்களாவில் தங்கி, வெளிநாட்டு ஆய்வாளருக்குக் கடிதம் எழுதும் வாழ்க்கை அந்தக் காலத்தில் எந்தச் சூசைமேரிக்குக் கிடைத்திருக்கும்?

பிறகு வந்தவர்கள் ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெசுஷே, லோபல், முசார் ஆகிய மூவர். 1970இல் இலங்கையிலும் 1972இல் தென்னிந்தியாவிலும் மலைமலையாகச் சருகைச் சலித்தார்கள். காளான் தின்னும் ஸ்காஃபிடியம் வகை வண்டுகளை வைத்து லோபல் 1971இல் இலங்கைக்கும் 1979இல் தென்னிந்தியாவுக்கும் தனித்தனி ஆய்வுகளை வெளியிட்டார். அந்த வகை அப்போது தனிக் குடும்பம். இப்போது ரோவ் வண்டுகளின் ஒரு துணைக்குடும்பம். காலனி ஆட்சி முடிந்திருந்தது. ஆனாலும் ஹோலோடைப்புகள் கடல் கடந்துதான் போயின. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் வந்த பிறகுதான், இங்கே கண்டறியப்படும் புதிய இனத்தின் சான்று மாதிரி இங்கே குறிக்கப்பட்ட காப்பகத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

ஆண்தான் அளவுகோல்

ஆணை வைத்து இனத்தைச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல ரோவ் வண்டு இனங்களில் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் உறுப்பு மட்டும் இனத்துக்கு இனம் வடிவம் மாறும். 1912இல் டேவிட் ஷார்ப்பும் ஃபிரடெரிக் மியூரும் வண்டுகளின் ஆண் உறுப்பு அமைப்பை ஒப்பிட்டு எழுதிய பெரிய ஆய்வு அந்தப் பாதையைத் திறந்தது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. பழைய விவரிப்புகளை வைத்து இனத்தை உறுதி செய்ய முடியாதபோது, பின்வந்தவர்கள் கேமரனின் மாதிரிகளையே மறுபடி எடுத்துத் திறந்து பார்த்துத்தான் பல குழப்பங்களைத் தீர்த்தார்கள்.

ஆனால் பயன் ஒன்று, பழக்கம் வேறு. பழக்கம் ஷார்ப்புக்கும் முந்தியது. லின்னேயஸ் 1735இல் செடிகளை வகைப்படுத்தியபோது, பெரிய பிரிவுகளான வகுப்புகளை முதன்மையாக மகரந்தத் தாள்களை, அதாவது ஆண் உறுப்பை, எண்ணிப் பிரித்தார். அதற்குக் கீழே வரும் வரிசைகளைத்தான் சூலகத்தை, பெண் உறுப்பை, எண்ணிப் பிரித்தார். ஆணின் எண்ணிக்கை மேல்படியில், பெண்ணின் எண்ணிக்கை கீழ்ப்படியில் வைக்கப்பட இயற்கையில் காரணம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து வீட்டின் வரிசை செடிக்குள் போய் உட்கார்ந்தது என்று வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 1993இல் எழுதினார். ஆணுக்குச் செவ்வாயின் ஈட்டியும் கேடயமும், பெண்ணுக்கு வெள்ளியின் குறி என்று நாம் இன்றும் போடும் அடையாளங்களை உயிரியலுக்குள் கொண்டுவந்தவரும் அதே லின்னேயஸ்தான்.

பெண் உடல் படிக்கவே முடியாததா? இல்லை. ரோவ் வண்டுகளிலேயே அலியோகாரினே என்ற பெரிய துணைக்குடும்பத்தில், பெண்ணின் விந்துப்பை கெட்டியான, சுருண்ட, இனத்துக்கு இனம் மாறும் வடிவம் கொண்டது. அதைக் கவனித்தவர்கள் ஆணின் உறுப்புக்குப் பக்கத்தில் அதையும் வரைந்தார்கள், அதை வைத்தும் இனத்தைச் சொன்னார்கள். மற்ற பல குழுக்களில் பெண்ணின் உள்ளுறுப்பு மென்மையானது, வரைவது கடினம், அதனால் விட்டுவிட்டார்கள். கடினம் என்று விட்டது சில தலைமுறைகளில் 'ஒன்றும் இல்லை' என்று ஆகிவிட்டது.

இது வண்டோடு நிற்கவில்லை. ஆண் உறுப்பு ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற கேள்விக்கு வில்லியம் எபர்ஹார்ட் 1985இல் ஒரு விடை சொன்னார்: தேர்ந்தெடுப்பது பெண், கூடிய பிறகும் எந்த ஆணின் விந்தைப் பயன்படுத்துவது என்பதில் பெண் உடலுக்குப் பங்கு உண்டு. அதன்படி, ஆணின் உறுப்பில் நாம் படிக்கும் வேறுபாடே பெண்ணுக்கு எழுதப்பட்ட கடிதம். பெறுநரைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தோம். 2014இல் மலின் ஆ-கிங்கும் இரு சகாக்களும் கடந்த 25 ஆண்டுகளில் வெளிவந்த இத்தகைய 364 ஆய்வுகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆணை மட்டும் ஆராய்ந்தவை 49 சதவீதம். பெண்ணை மட்டும் ஆராய்ந்தவை 8 சதவீதம். மைக்ராஸ்கோப்பும் மரபணு ஆய்வும் இவ்வளவு வளர்ந்த காலத்தின் கணக்கு இது.

ஓர் எழுத்து வேறுபாடு

இனப் பெயர் ஒருவரை நினைத்து வைக்கப்பட்டால், லத்தீன் இலக்கணப்படி ஆணுக்கு 'இ' என்றும் பெண்ணுக்கு 'ஏ' என்றும் முடியும். ஆண்ட்ரூஸுக்கு ஆண்ட்ரூசி, நாதனுக்கு நாதனி. கேமரனின் பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் எந்த எழுத்து மிகுதி என்று சொல்லத் தேவையில்லை. நம் மலைகளில் 'ஏ' விகுதி கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரை மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லி ஒன்று 2019 முதல் சுமக்கிறது: டிராவிடோகெக்கோ ஜானகியே. அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு.

நிறுவனங்களின் கதையும் இதுதான். இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916இல் தொடங்கியது. அதன் முதல் பெண் விஞ்ஞானியான மீரா மன்சுகானி சேர்ந்தது 1949இல். முதல் பெண் இயக்குநராக த்ரிதி பானர்ஜி வந்தது 2021இல், அதாவது 105 ஆண்டுகளுக்குப் பிறகு. ரோவ் வண்டு ஆய்விலும் இன்று பெண்கள் இருக்கிறார்கள். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் மார்கரெட் தேயர் உலகின் முன்னணி வல்லுநர்களில் ஒருவர். கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவுவரை போகும் வழி எப்படி இருக்கிறது?

என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். சருகு எடுக்க மூன்று நாள் மலைக்குப் போனவர்கள் ஆண்கள் மட்டும். "பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போனா ராத்திரி தங்கறதுக்கு யாரு பொறுப்பு?" என்று துறையில் கேட்டார்கள். வீட்டில் அப்பாவும் அதையேதான் கேட்டார். ஆண்கள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். நாங்கள் பிரித்தோம், ஒட்டினோம், வரைந்தோம். "உங்க கைதான் இதுக்குச் சரி, பொறுமையா செய்வீங்க" என்று பாராட்டும் கிடைத்தது. ஆய்வேட்டில் 'களச் சேகரிப்பு' என்ற பத்தியில் பெயர்கள் இருந்தன. 'பிரித்தல்' செயப்பாட்டு வினையில் இருந்தது: "மாதிரிகள் பிரிக்கப்பட்டன."

அதே மைக்ராஸ்கோப், அதே விரல்

படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக்குப் போக வீட்டில் பணம் இல்லை. ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஜூஜுவாடிக்கு வேலைக்கு வந்தேன். இது சிப்காட் ஊர். ஷிப்டு பஸ்ஸில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே நேரத்தில் கேட்கும். நான் சேர்ந்த இடத்தில் நீண்ட மேஜைகளில் வரிசையாக ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புகள். ஒவ்வொன்றின் முன்னும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண். கையில் நான் வண்டுகளுக்குப் பிடித்த அதே நுண் இடுக்கி. பற்றவைப்புச் சரியா, பாகம் சாய்ந்திருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பெண்களையே எடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை ஏற்கனவே கேட்டிருந்தேன்: "உங்க கைதான் இதுக்குச் சரி."

டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் ஏற்றுமதித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வாக்கியத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறது. நுண்ணிய விரல் பிறவியில் வருவதில்லை. தையலும் சமையலும் வீட்டுவேலையுமாகச் சின்ன வயதிலிருந்து வீட்டில் கிடைத்த பயிற்சி அது. வீட்டில் கிடைத்ததால் அதைப் பயிற்சி என்று யாரும் எண்ணுவதில்லை, இயல்பு என்கிறார்கள். இயல்பு என்று சொன்னதும் திறமைக்கான கூலி தர வேண்டியதில்லை. இதைப் படித்தபோது, ஆய்வகத்தின் செயப்பாட்டு வினையும் தொழிற்சாலையின் சம்பளச் சீட்டும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை என்று புரிந்தது.

விடுதியில் வந்த வண்டு

ஜூஜுவாடியில்தான் ரோவ் வண்டு மறுபடி என்னிடம் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் விடுதியின் டியூப்லைட்டைச் சுற்றி, ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி வரும் மெல்லிய பூச்சிகள் பறந்தன. பெண்கள் அதை ஆசிட் பூச்சி என்றார்கள். பீடரஸ் இனத்தைச் சேர்ந்த ரோவ் வண்டு அது. கடிக்காது, கொட்டாது. தோலில் ஊரும்போது அடித்து நசுக்கினால் அதன் உடல்நீரில் இருக்கும் பீடரின் என்ற நஞ்சு படும். உடனே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கழித்துக் கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் வரும்.

ஓர் இளம்பெண்ணுக்குக் கழுத்தில் அப்படி ஒரு கோடு வந்தது. ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த பெண். விடுதிக் காப்பாளர் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்: "என்னடி இது? ஞாயித்துக்கிழமை யாரு கூடப் போன?"

"எங்கயும் போகல மேடம். காலைல எந்திரிச்சா இப்படி இருக்கு."

"அதான் காலைல எந்திரிச்சா இருக்குதா?"

சிலர் சிரித்தார்கள். நான் விளக்கின் கீழே செத்துக் கிடந்த வண்டு ஒன்றைத் தாளில் எடுத்துவந்து காட்டி, இது என்ன செய்யும் என்று சொன்னேன். காப்பாளர் நம்பினாரா தெரியாது. ஆனால் அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தி தொடையில், ஒருத்தி மார்பில் இருந்த காயத்தை என்னிடம் வந்து காட்டினார்கள். கேள்விக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தார்கள். நசுக்காதே, ஊதித் தள்ளு, பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு என்பதை ஒரு தாளில் மூன்று மொழியில் எழுதி ஒட்டினோம். ஒரு வண்டின் பெயர் தெரிந்திருப்பது ஒரு பெண்ணின் மானத்துக்கு உதவும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த நஞ்சின் கதையைத் தேடிப் படித்தேன். 1950களில் இத்தாலியில் பாவனும் போவும் பீடரினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தன்மையை அறிய இரண்டரைக் கோடி வண்டுகள் தேவைப்பட்டன. அவற்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பது அப்போது கேள்வியாகவில்லை. 1990களில் ஜெர்மனியில் ருப்பர்ட் கெல்னரும் கொன்ராட் டெட்னரும் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக அளந்தபோதுதான் தெரிந்தது: பீடரினை உருவாக்கிச் சேர்ப்பது பெண் வண்டு. தாய் அதை முட்டைக்குள் வைக்கிறது. அந்த முட்டையிலிருந்து வரும் புழுவை ஓநாய்ச் சிலந்தி வாயில் வைத்துவிட்டு விட்டுவிடுகிறது. ஆண் வண்டிடம் இருப்பது பெரும்பாலும் தாய் கொடுத்த பங்குதான். பெண்களிலும் எல்லாருக்கும் அது வராது. உடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா இருந்தால்தான் வரும். அந்தப் பாக்டீரியாவே பீடரினை உருவாக்குகிறது என்பதை யோர்ன் பீல் 2002இல் மரபணு வழியே காட்டினார். உயிரணுக்கள் புரதம் செய்வதைத் தடுக்கும் அந்தப் பொருளைப் புற்றுநோய் ஆய்வாளர்கள் இப்போது கவனித்து வருகிறார்கள்.

ஒரு பூச்சியை வைத்துப் பெண்ணுக்குப் பெருமை சேர்க்க நான் இதைச் சொல்லவில்லை. வண்டு பெண்ணியவாதி அல்ல. நான் சொல்வது ஆய்வுமுறையைப் பற்றி. ஆணை மட்டும் திறந்து பார்த்தால் இந்த வண்டைப் பற்றிய மிக முக்கியமான செய்தி பிடிபட்டிருக்காது. "பெண்ணை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்பது அநீதி என்பதோடு, மோசமான அறிவியலும்கூட.

கீழ்த்தட்டில் இருப்பவை

இப்போது ஒரு வழி இருக்கிறது. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த டிஎன்ஏ பட்டைக்குறி முறை: ஒரு குறிப்பிட்ட சிறிய மரபணுத் துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காண்பது. உறுப்பின் வடிவம் பேசாத இடத்தில் இது பேசும். ஒரு சல்லடைச் சருகில் கிடைத்த ஆணும் பெண்ணும் ஒரே இனமா என்று சொல்லிவிடலாம். புழுவைக்கூடத் தாயோடு சேர்த்துவிடலாம். சில விவரிப்புகளில் அந்த வரி இப்படித்தான் மறைந்துவருகிறது. ஆனால் அதற்கு முதலில் அந்தப் பெண் மாதிரிகளை யாராவது குப்பையில் போடாமல், நல்ல ஆல்கஹாலில், இடமும் தேதியும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டையையும் அஞ்செட்டியையும் தாண்டி மேலகிரி மலை இருக்கிறது. அதில் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே சருகின் ஒரு பிடியைக்கூட அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம். அனுமதி வாங்கிப் போகும் நாள் உங்களில் யாருக்காவது வரும். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்றே காரியம். இரவு தங்க இடமும் துணைக்கு ஆளும் கேட்டு எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள்; 'யார் பொறுப்பு' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம், நீங்கள் அல்ல. ஆய்வேட்டில் "பிரிக்கப்பட்டன" என்று எழுதாதீர்கள்; பிரித்தவள் பெயரை எழுதுங்கள். பெண் மாதிரி கிடைத்தால் அளந்து, வரைந்து, அதற்கும் ஒரு பத்தி கொடுங்கள். எந்த இனம் என்று முடிவாகாவிட்டால், "எங்களால் இன்னும் சேர்க்க முடியவில்லை, மாதிரி இந்தக் காப்பகத்தில் இந்த எண்ணில் இருக்கிறது" என்று எழுதுங்கள். 'அறியப்படவில்லை' என்பதில் குறை வண்டுடையது போலத் தோன்றுகிறது. இப்படி எழுதினால் யார் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு வேலையாக என் பழைய துறைக்குப் போயிருந்தேன். ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வக உதவியாளர் அக்கா என்னை அடையாளம் கண்டு அலமாரியைத் திறந்துவிட்டார். கீழ்த்தட்டில், பின்வரிசையில் அந்தக் குப்பி இருந்தது. ஆல்கஹால் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. உள்ளே லேபிளில் பென்சிலால் நான் எழுதிய எழுத்து அழியவில்லை: ஊர், உயரம், தேதி, 'சருகு', 'பெண் 11'. அக்காவிடம் கேட்டு வாங்கி, ஆல்கஹாலை நிரப்பி, இறுக மூடி, மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.